மொன்னை உளி

நவம்பர் 2, ஞாயிறு

டாக்டரம்மா என்னையும் டைரி எழுதச் சொல்லிவிட்டார். வைத்தியம் மகளுக்கு, வீட்டுப்பாடம் அப்பனுக்கு. "நீங்க யாருகிட்டயும் பேச மாட்டேங்கறீங்க சார். பேப்பர்கிட்டயாவது பேசுங்க" என்றார். பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவனிடம் போய்ப் பேசு என்றால் என்ன பேசுவான்? அளந்து பார்ப்பேன். சரியில்லை என்றால் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துத் தள்ளி வைப்பேன். இத்தனை வருடமும் அதற்குத்தான் சம்பளம்.

பேரிங் ஏஜென்சிக்காரர் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. ஜூன் பக்கங்களைப் புரட்டாமல் நேராக நவம்பருக்கு வந்துவிட்டேன். ஜூனைப் பற்றி இதில் எழுதுவதாக இல்லை.

காலையில் தண்ணீர் மோட்டார் போட்டேன். தேங்காய் உடைத்தேன். கத்தரிக்காயும் வெங்காயமும் நறுக்கி ருக்குமணியிடம் கொடுத்துவிட்டு, கத்தியைக் கழுவி பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. கத்தரிக்கோல், என் ஷேவிங் செட், மாத்திரை டப்பா எல்லாம் அந்த பீரோவில்தான். அது துணி பீரோ என்பது எங்களுக்கே மறந்துவிட்டது.

சாயங்காலம் பிரதீபா தன் அறையிலிருந்து தானாக வெளியே வந்தாள். "அப்பா, எனக்கு மரம் கடையற லேத் ஒண்ணு வேணுமுங்கப்பா. சின்னதா, மேசை மேல வெக்கற மாதிரி" என்றாள்.

சென்னை ஹாஸ்டலிலிருந்து கூட்டி வந்த நாளிலிருந்து அவள் எதையும் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் உப்பு கூடக் கேட்டதில்லை. ருக்குமணி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்கிரலாம் கண்ணு" என்றேன். வாய் முந்திக்கொண்டது. லேத் என்றால் உளியும் வேண்டும் என்பது அவள் உள்ளே போன பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 3, திங்கள்

ருக்குமணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கேட்டாள். "ஏனுங்க, கத்திரிக்கோலையே பூட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கறோம். உளி வாங்கித் தர்றேங்கறீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"அவளாக் கேட்டிருக்காளே."

"அதுக்கு?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசத்துக்குத் தாளித்தாள். கேட்டாளே என்ற சந்தோஷம் அவளுக்கும் இருந்தது. எனக்குத் தெரியும்.

நவம்பர் 5, புதன்

பிரதீபா போனில் வீடியோ காட்டினாள். இத்தனை மாதமாகச் சத்தத்தை அணைத்துவிட்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானாம். மரக்கட்டை ஒன்று இரண்டு முனைகளுக்கு நடுவே சுற்றுகிறது. ஒருவர் உளியைப் பக்கத்தில் கொண்டுபோகிறார். மரம் சுருள் சுருளாக உரிந்து விழுகிறது. கொஞ்ச நேரத்தில் கட்டை கிண்ணமாகிவிடுகிறது.

எனக்கு இரும்பு லேத்துதான் தெரியும். அதில் உளியை மெஷின் பிடித்துக்கொள்ளும். மர லேத்தில் உளியை ஒரு தாங்கியின் மேல் வைத்து, கையால்தான் பிடிக்க வேண்டும். முழுக்க முழுக்கக் கையை நம்பிய வேலை.

"இதுல உனக்கு என்ன கண்ணு பிடிச்சிருக்குது?"

"கட்டை சுத்தறப்போ வேற எதையுமே யோசிக்க முடியாதாமாங்கப்பா" என்றாள்.

நல்ல மெஷினாகப் பார்த்து வாங்குவோம், அவசரப்படக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவசரப்படக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னேன்.

நவம்பர் 8, சனி

அரை நாள் லீவு. காந்திபுரத்தில் ஒரு கடை. அடிச்சட்டம் தகரத்தை மடித்துச் செய்தது. ஓட்டச் சொல்லி மேலே கை வைத்தேன். மினி பஸ் மாதிரி நடுங்குகிறது. மெஷின் நடுங்கினால் உளி நடுங்கும், உளி நடுங்கினால் கை நடுங்கும். பழகுகிறவர்களுக்குக் கனமான வார்ப்பிரும்பு அடிச்சட்டம்தான் வேண்டும். ரிஜெக்ட்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்னொரு கடை. இது வார்ப்பிரும்புதான். பின்பக்கத்துத் தலையைத் தள்ளிக்கொண்டு போய் முன்பக்கத்து முனையோடு சேர்த்துப் பார்த்தேன். இரண்டு கூர்முனைகளும் நேருக்கு நேர் முட்ட வேண்டும். இதில் ஒரு முனை கிழக்கே பார்க்கிறது, இன்னொன்று மேற்கே. கட்டையை எப்படி மாட்டினாலும் ஆடும். ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜைப் பையிலிருந்து எடுத்தபோது கடைப்பையன் முதலாளியைக் கூட்டி வந்துவிட்டான்.

"சார், நீங்க வாங்க வந்தீங்களா, ஆடிட் பண்ண வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றேன். ரிஜெக்ட்.

வீட்டுக்கு வந்ததும் பிரதீபா வாசலிலேயே நின்றிருந்தாள். கை வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்கப்பா" என்றாள்.

நவம்பர் 15, சனி

ஆவாரம்பாளையத்தில் ஒருவர் பழைய லேத் விற்கிறார் என்று போனேன். முனைகள் முட்டுகின்றன, நடுக்கமில்லை, மோட்டார் அரைக் குதிரைத்திறன். குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் வேகம் சிக்கியது. இருக்கிறதிலேயே குறைந்த வேகமே அதிகம். கோணல் கட்டையை முதன்முதலில் மாட்டும்போது மெதுவாகத்தான் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டை பறந்துவிடும். ரிஜெக்ட்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குறை கண்ணில் பட்டதும் நெஞ்சில் ஒரு நிம்மதி.

நவம்பர் 16, ஞாயிறு

"அது வேகம் ஜாஸ்தி கண்ணு" என்றேன்.

"உங்களுக்கு எந்த லேத்தும் பிடிக்காதுங்கப்பா" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்தக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. சென்னையிலிருந்து வந்த அன்றே நான் கழற்றிவிட்டேன். நாலு ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.

மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரியும் வேண்டாம் என்றுவிட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

கம்பெனி கேன்டீன் பின்னால் நின்றுகொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். உளி என்ற வார்த்தையைக் கடைசியில்தான் சொன்னேன்.

"பூட்டி வெச்சது சரிதான் சார். அதையே இங்கயும் செய்யுங்க. உளி உங்க பொறுப்புல இருக்கட்டும், அவங்க வேலை செய்யறப்போ யாராவது கூட இருங்க. ஆனா வாங்கிக் குடுங்க. முக்கியமா ஒண்ணு. உங்களுக்குப் பயமா இருக்குதுன்னு அவங்ககிட்ட நேரா சொல்லுங்க. இப்ப அந்த எண்ணம் வருதான்னும் கேளுங்க. கேக்கறதால வராது."

சொல்கிறேன் மேடம் என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சொல்லவில்லை.

நவம்பர் 22, சனி

இன்று வேறொரு கடைக்கு அவளையும் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடைக்காரர் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார். பிரதீபா குடிக்காமல் டம்ளரை ஓடுகிற லேத்தின் தலைமேல் வைத்து, குனிந்து பார்த்தாள். டீயின் மேல்பரப்பு லேசாக நடுங்கி நின்றுவிட்டது. "பாருங்கப்பா, ஆடல" என்றாள். என் டயல் கேஜ் பைக்குள்ளேயே இருந்தது.

வார்ப்பிரும்பு. இரண்டு முனையும் முட்டுகின்றன. ஒரு திருகைத் திருப்பினால் மெதுவான வேகத்திலிருந்து படிப்படியாக ஏறுகிறது, பெல்ட் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பெரிய பூசணிக்காயைச் சுற்றவிடுகிற அளவுக்கு அகலம், அது எங்களுக்குப் போதும். முன்னாலேயே உள்ளங்கையால் அறைந்து நிறுத்துகிற மாதிரி பெரிய சிவப்புப் பொத்தான். குறை தேடினேன். தேடிக்கொண்டே இருந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பாஸ்" என்றேன்.

உளிகள் ஐந்து, மரப்பெட்டியில் தனியாக வந்தன. பெட்டியை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பால்கனியில் கம்பெனியிலிருந்து வந்த பழைய இரும்பு மேசையைப் போட்டு, லேத்தை போல்ட் அடித்து இறுக்கினேன். துப்பட்டா கூடாது, சங்கிலி கூடாது, முடியைத் தூக்கிக் கட்ட வேண்டும், கையுறை கூடவே கூடாது என்று சட்டம் போட்டேன். முகத்தை முழுக்க மூடுகிற கண்ணாடிக் கவசம் ஒன்று, கடையில் இருந்ததிலேயே தடிமனானது, வாங்கி வைத்திருக்கிறேன். ருக்குமணி லேத்துக்குப் பொட்டு வைத்தாள். பொட்டு வைத்துவிட்டு அதை முறைத்தாள்.

உளிப்பெட்டி பீரோவுக்குள் போனது.

நவம்பர் 24, திங்கள்

உளிகளைக் கம்பெனிக்கு எடுத்துப்போனேன். சின்ன வேலை. டூல் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஐந்தின் முனைகளையும் சாணைக்கல்லில் லேசாக உருட்டி மழுக்கினேன். புது உளியின் கூர் அதிகம், ஆரம்பத்தில் அவ்வளவு தேவையில்லை. கட்டைவிரலை அழுத்தி இழுத்துப் பார்த்தேன். கீறல் கூட விழவில்லை.

வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

நவம்பர் 30, ஞாயிறு

மாமரக் கட்டை. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சுற்றவிட்டாள், உளியை வைத்தாள். சுருள் வரவில்லை. மாவு மாதிரித் தூள்தான் கொட்டியது.

"வீடியோல நூல் மாதிரி உரியுதுங்கப்பா. எனக்குத் தூளாத்தான் வருது."

"பழகப் பழக வரும் கண்ணு."

உளியை இன்னும் அழுத்தினாள். மரம் கருகுகிற வாசனை வந்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு லேத்தை நிறுத்தினாள்.

"எனக்கு எதுவுமே வர மாட்டேங்குது" என்றாள்.

இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சென்னையில் பல் டாக்டருக்கு மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மே மாதம் ஹாஸ்டலிலிருந்து போனில் இதையேதான் சொன்னாள். பழகப் பழக வரும் கண்ணு என்றுதான் அப்போதும் சொன்னேன்.

டிசம்பர் 3, புதன்

மூன்று நாளாக லேத் ஓடவில்லை. டூல் ரூமில் மறுபடி தீட்டிக் கொண்டுவந்துவிடலாமா என்று யோசித்தேன். பையில் உளிகளை எடுத்தும் வைத்தேன். பிறகு வெளியே எடுத்து பீரோவிலேயே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

காலையில் அவளாகவே வந்து உளி கேட்டாள். ஐந்தையும் கொடுத்தேன். மறுபடி மாமரக் கட்டை, மறுபடி தூள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு எடையையே உளியின் மேல் சாய்த்தாள். "அழுத்தாத கண்ணு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. மொன்னை முனை மரத்தை வெட்டாமல் வழுக்கிப்போய் எங்கேயோ மாட்டியது. டமார் என்று ஒரு சத்தம். கட்டை பிய்த்துக்கொண்டு நேராக அவள் முகத்துக்குப் பறந்தது. கவசம் இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் எழுந்து சிவப்புப் பொத்தானை அறைந்தபோது அவள் கீழே உட்கார்ந்திருந்தாள். புருவத்துக்கு மேலிருந்து ரத்தம்.

கவசம் இல்லையென்றால்? அதை எழுத மாட்டேன்.

ருக்குமணி போட்ட சத்தத்தில் மேல் வீடு கீழ் வீடு எல்லாம் வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து, டாக்டரம்மா இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போனோம். டியூட்டி டாக்டர் சின்னப் பையன். கம்ப்யூட்டரில் அவளுடைய பழைய விவரங்களைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது. "எப்படி ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். "லேத்துங்க, மர லேத்து" என்றேன். அவர் நம்பவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் பேஷன்ட்கிட்டத் தனியாப் பேசணும்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜூனில் சென்னையில் உட்கார்ந்த ஆஸ்பத்திரி வேறு, ஆனால் பெஞ்சு ஒரே மாதிரிதான் இருக்கிறது. ருக்குமணி என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். வேண்டுமென்றே அழுத்தினாளோ என்று தோன்றியது. என் கையால் மழுக்கிய உளியை வைத்துக்கொண்டு என் மகளைச் சந்தேகப்பட்டேன்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய சிரிப்பு. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம்.

தையல் போட்டுக்கொண்டு வந்தாள். ருக்குமணி மருந்து வாங்கப் போனதும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டரு லேத்துன்னா நம்பவே மாட்டேங்கறாருங்கப்பா. போன்ல வீடியோ காமிச்சேன். அவரும் வாங்கப்போறாராமா." பிறகு சிரிப்பு நின்றது. "உளியை மழுக்குனது நீங்கதான?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மூணு வருசம் பல்லு சொரண்டப் படிச்சிருக்கறேன். முதல் வாரம் சொல்லிக் குடுக்கறதே அதுதான். கூரா இருந்தா வெட்டும், மொன்னையா இருந்தா வழுக்கும். இன்னைக்குக் கீழ விழுந்த உளியை எடுத்துப் பாத்தேன். யாரோ உக்காந்து அழகா, ஒரே சீரா உருட்டியிருக்கறாங்க. அவ்வளவு சுத்தமா வேற யாரு பண்ணுவாங்க?" கண்ணில் தண்ணீர், குரலில் தீ. "எனக்கு வரலைன்னு நினைச்சுட்டேனுங்கப்பா! இதுவும் எனக்கு வரலைன்னு நினைச்சு மூணு நாளு எந்திரிக்கவே இல்ல! ஏனுங்கப்பா இப்பிடிப் பண்ணுனீங்க?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் கத்தினாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து முதன்முறையாகக் கத்தினாள்.

"பயம் கண்ணு" என்றேன். "நீ செத்துப்போயிருவியோன்னு பயம். தினமும் பயம். கம்பெனில பயம், பஸ்ல பயம், நீ பாத்ரூம் போனாப் பயம். எனக்கு வேற ஒண்ணும் பண்ணத் தெரியல சாமி. இப்பவும் உனக்கு அப்பிடித் தோணுதா? சொல்லு. நான் கேக்கறேன், சொல்லு."

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சில நாளு தோணுது. முந்தி மாதிரி தினமும் இல்ல. தோணுச்சுன்னா டாக்டரம்மாகிட்டச் சொல்றேன். இனி உங்ககிட்டயும் சொல்றேன். நீங்க இந்த மாதிரி கேட்டீங்கன்னா சொல்றேன்."

நான் அழுதேன். சட்டைப் பையில் பேனா கசிந்திருந்தது, அதைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டு அழுதேன். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

ருக்குமணியிடம் சொன்னேன். "பெத்த புள்ளை மண்டையை உடைச்சுட்டு வந்து நிக்கறீங்களே" என்று ஆரம்பித்து மத்தியானம் வரை திட்டினாள். லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் நானும் அவளும் சேர்ந்து போனோம். எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப பேசறீங்க பாருங்க" என்றார்.

டிசம்பர் 13, சனி

சின்ன சாணைக்கல் மோட்டார் ஒன்று வாங்கி மேசை ஓரத்தில் மாட்டினேன். லேத் வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று லேத்தோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததாம். நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டியிருக்கிறேன், என்னவோ கண் தெரியாதவன் மாதிரி.

உளியை அவள் பிடித்தாள், கோணத்தை நான் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் சாச்சுக்கோ." "இப்பிடீங்களா?" "ஆமா, அழுத்தாத. கல்லு எடுத்துக்கும்." தீட்டத் தீட்ட முனையில் வெளிச்சம் ஏறியது. ஒவ்வொரு உளியும் கூராகும்போது என் கை அரைஞாண் சாவியைத் தொட்டுப் பார்த்தது. அவள் திரும்பி, "பயமா இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்குது."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த உளியை எடுத்தாள்.

புதுக் கவசம். மெதுவான வேகம். உளி மரத்தைத் தொட்டது. சர்ரென்று ஒரு சுருள் கிளம்பி அவள் தோளைத் தாண்டி வந்து என் மடியில் விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "வந்துருச்சுங்கப்பா" என்றாள். அந்தச் சுருள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, டைரி மூட மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 17, புதன்

வேலையிலிருந்து வந்ததும் என் கையில் ஒரு மரக் குமிழை வைத்தாள். எலுமிச்சம்பழ அளவு, வழவழவென்று. வாசல் கதவுக்கா என்றேன்.

"என் ரூம் கதவுக்கு. அதோட அந்தப் பழைய தாழ்ப்பாளையும் மாட்டிக் குடுங்க. துணி மாத்தறப்போ கதவைச் சாத்த முடியலீங்கப்பா. எனக்கு இருவத்திரண்டு வயசு. டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேன். வீட்டுல பேசி முடிவு பண்ணுங்கன்னாங்க. அதான் பேசறேன்."

குமிழை வெர்னியரில் அளந்தேன். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. சொல்லக் குறையே இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

டிசம்பர் 18, வியாழன்

மாட்டினேன். அதே நாலு ஓட்டை, புது ஸ்க்ரூ. கத்தியும் சமையலறைக்குத் திரும்பிவிட்டது. மாத்திரை டப்பாவையும் எடுக்கப் போனபோது அவளே தடுத்தாள். "அது மட்டும் இருக்கட்டுங்கப்பா. இன்னும் கொஞ்ச நாளைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்."

சாவி அரைஞாணிலேயே இருக்கிறது.

டிசம்பர் 20, சனி

ருக்குமணி அவள் தங்கை வீட்டு நிச்சயத்துக்கு விடியலிலேயே கோபிக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர். லீவு போட்டிருந்தேன். தக்காளி இல்லை. "தெருமுனைக் கடைதானுங்கப்பா, போயிட்டு வாங்க" என்றாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு வாசற்படி இறங்கியதே இல்லை நாங்கள்.

"நீ லேத்தை ஓட்டிட்டே இரு. நான் இதோ வந்தர்றேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. புன்னகையோடு கவசத்தைப் போட்டுக்கொண்டாள்.

தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். தக்காளி பொறுக்கிக்கொண்டே காதை அங்கேயே வைத்திருந்தேன். உளி தொடும்போது மோட்டாரின் குரல் இறங்கும், எடுத்ததும் ஏறும். இறங்கும், ஏறும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நின்றுவிட்டது.

கட்டையை மாற்றுவாள், மறுபடி ஓட்டுவாள் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. கடைக்காரர் ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை. தக்காளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இந்த வயதில், லுங்கியோடு, இரண்டு மாடி.

பால்கனியில் லேத் அசையாமல் நின்றது. அவள் இல்லை. உளிப்பெட்டியில் நான்கு உளிதான் இருந்தது. ஒரு இடம் காலி. அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. என் கையால் மாட்டிய தாழ்ப்பாள்.

"பிரதீபா! கண்ணு! கதவைத் திற! திற சாமி!" இரண்டு கையாலும் அறைந்தேன். தலையால் கூட முட்டினேன் என்று நினைக்கிறேன்.

தாழ்ப்பாள் விலகியது. தலை முழுக்க மரத்தூளோடு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றாள்.

"கரண்ட் போயிருச்சுங்கப்பா. இன்னைக்கு மாசாந்திர ஷட்டவுன். பேப்பர்ல போட்டிருந்ததே, காலைல நீங்கதான படிச்சீங்க?"

படித்தேன். எந்தெந்தப் பகுதி என்று சத்தமாக வேறு படித்துக் காட்டினேன். கடையில் என் தலைக்கு மேலே ஃபேன் நின்றிருக்கும். கடைக்காரர் பேப்பரால் விசிறிக்கொண்டதைப் பார்த்த ஞாபகம் கூட இருக்கிறது. எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறவன் நான்.

"உளி... ஒண்ணு..." என்றேன். மூச்சு வாங்கியது.

அவள் லேத்துக்குப் போய்ச் சுருள்களை விலக்கினாள். ஐந்தாவது உளி அதற்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, என்னைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்பா, பயமா இருந்தாத் தட்டுங்க. பகல்ல தட்டுங்க, தூங்கறப்போ தட்டுங்க. எத்தனை தடவை வேணா தட்டுங்க. நான் எந்திரிச்சு வந்து திறக்கறேன். திறக்கறது என் வேலை. சரீங்களா?"

சரி என்றேன். தக்காளி வாங்க இரண்டு பேருமாகப் போனோம்.

டிசம்பர் 21, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நான் ஹாலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய்த் தட்டினேன்.

திறந்தாள். தூக்கக் கலக்கம், கன்னத்தில் தலையணை மடிப்பு.

"காபி போடட்டுமா கண்ணு?" என்றேன்.

"போடுங்க" என்றாள்.